கறி இல்லாத தட்டில் என்ன இருக்கிறது?

"நான் சுத்த சைவம். முட்டைகூடத் தொட்டதில்லை. எனக்கு எப்படி டாக்டர் சர்க்கரை வந்தது?" சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. கேட்பவரின் ஆதங்கம் நியாயமானது. சைவச் சாப்பாடு உடம்புக்கு நல்லது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர் அவர். ஆய்வுகளும் அதையே சொல்வதாகப் பத்திரிகைகளில் படிக்கிறார். ஆய்வுகள் அப்படிச் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த ஆய்வுகளில் வரும் சைவக்காரர்களின் தட்டும் நம்முடைய தட்டும் ஒன்றல்ல. கறியை எடுத்துவிட்டோம், சரி. எடுத்த இடத்தில் எதை வைத்தோம்? பலன் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் சைவம் என்ற பேச்சை எடுத்தாலே சாதிப் பெருமையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கறி சாப்பிடுபவரைவிடச் சாப்பிடாதவர் உயர்ந்தவர் என்ற எண்ணத்துக்கு உடலியலில் எந்த இடமும் இல்லை. 2014-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் முழுச் சைவம் 3 சதவீதம்கூட இல்லை. மீதி 97 சதவீதத்தினர் வீட்டிலும் வாரத்தில் பல நாள் சாம்பார், ரசம், பொரியல்தான் கொதிக்கிறது. ஆகவே இது யாரோ சிலரைப் பற்றிய விஷயமல்ல, எல்லார் வீட்டு அடுப்பைப் பற்றியது.

சைவ உணவு பற்றிய ஆராய்ச்சியில் அடிக்கடி அடிபடும் ஊர் லோமா லிண்டா. கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே இருக்கும் சிறிய ஊர். செவன்த் டே அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையினர் அங்கே நிறைய. அவர்களுடைய பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் அங்கேதான் இருக்கின்றன. புகையும் மதுவும் கூடாது, மாமிசமில்லாத உணவு நல்லது என்று 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே சொல்லிவரும் சபை அது. இன்று நம் வீடுகளிலும் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் கார்ன்ஃபிளேக்ஸ்கூட, மிச்சிகனில் இருந்த பேட்டில் கிரீக் என்ற அட்வென்டிஸ்ட் ஆரோக்கிய நிலையத்தில், டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக்கும் அவர் தம்பியும் நடத்திய சோதனைகளிலிருந்து பிறந்ததுதான்.

இவர்களை ஆய்வாளர்கள் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. பொதுவாக மேலைநாடுகளில் சைவத்துக்கு மாறுபவர்கள் படித்தவர்கள், நடைப்பயிற்சி போகிறவர்கள், சிகரெட்டைத் தொடாதவர்கள். அவர்கள் நீண்ட காலம் வாழ்ந்தால் அந்தப் பெருமை கத்தரிக்காய்க்கா, நடைப்பயிற்சிக்கா? பிரித்துச் சொல்ல முடியாது. அட்வென்டிஸ்டுகளிடம் இந்தச் சிக்கல் குறைவு. அந்தச் சபையில் கறி சாப்பிடுகிறவரும் பெரும்பாலும் குடிப்பதில்லை, புகைப்பதில்லை. ஒரே கோயில், ஒரே ஓய்வுநாள், ஏறக்குறைய ஒரே வாழ்க்கை. முக்கியமாக வேறுபடுவது சாப்பாடு.

1958-இல் தொடங்கிய இந்த ஆய்வு வரிசையின் பெரிய கட்டம் ஒன்று 2002-இல் ஆரம்பித்தது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 96,000 பேர் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் 73,000-க்கும் மேற்பட்டவர்களை ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த முடிவு 2013-இல் வந்தது. சைவக்காரர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிட 12 சதவீதம் குறைவு. சர்க்கரை நோய்க் கணக்கு இன்னும் பளிச்சென்று இருந்தது. அசைவர்களில் 7.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இருந்தது. பாலும் முட்டையும் சேர்க்கும் சைவக்காரர்களில் 3.2 சதவீதம், பாலையும் விலக்கியவர்களில் 2.9 சதவீதம். கறி சாப்பிடாதவர்கள் ஒல்லியாக இருந்தார்கள் என்பது இதில் ஒரு பகுதிதான். எடை வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகவே இருந்தது.

இதே சமூகத்தில் 1992-இல் வெளிவந்த இன்னொரு முடிவை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். வாரத்துக்கு நான்கு தடவைக்கு மேல் கொட்டைப் பருப்பு வகைகள் சாப்பிட்டவர்களுக்கு, எப்போதாவது சாப்பிட்டவர்களைவிட மாரடைப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. பாதாம், வால்நட் மட்டுமல்ல, நம் வேர்க்கடலையும் அந்தப் பட்டியலில் உண்டு. எதை விட்டார்கள் என்பதோடு எதைச் சாப்பிட்டார்கள் என்பதையும் கேட்கத் தொடங்கியவுடன் கதை மாறுகிறது.

இங்கிலாந்தின் பெரிய ஆய்வு ஆக்ஸ்ஃபர்டிலிருந்து வந்தது. 1993 முதல் ஆள் சேர்த்தார்கள். சுமார் 48,000 பேரை 18 ஆண்டுகள் கவனித்து 2019-இல் எழுதியபோது, சைவக்காரர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் 22 சதவீதம் குறைவு என்று கண்டார்கள். அதே ஆய்வில் பக்கவாதம் 20 சதவீதம் அதிகமாக இருந்தது. குறிப்பாக மூளையில் ரத்தக்கசிவால் வரும் வகை. சைவ உணவைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் முதல் எண்ணை மட்டும் சொல்லி இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். அது வாசகருக்குச் செய்யும் துரோகம். இரண்டையும் எண்ணிக்கையாகக் கூட்டிப் பார்த்தால் தப்பித்த இதய நோய்கள்தான் அதிகம். ஆனாலும் கறியை நிறுத்திவிட்டால் எல்லாக் கதவும் பாதுகாப்பாக அடைபட்டுவிடும் என்று நினைக்கக் கூடாது.

இவையெல்லாம் மனிதர்கள் தாங்களாகத் தேர்ந்துகொண்ட உணவைப் பார்த்து எழுதிய கணக்குகள். சோதனை வேண்டுமென்றால் ஆட்களைப் பிரித்துச் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் குழுவினர் 22 ஜோடி ஒத்த இரட்டையர்களை அழைத்தார்கள். மரபணு ஒன்றாக இருக்கும் இருவரில் ஒருவருக்கு முழுத் தாவர உணவு, மற்றவருக்குக் கறியும் கலந்த ஆரோக்கிய உணவு. எட்டு வாரம். இரண்டு பக்கத்திலும் காய்கறியும் முழுதானியமும் தாராளமாக இருந்தன. ஆகவே இது நல்ல சாப்பாட்டுக்கும் மோசமான சாப்பாட்டுக்கும் நடந்த போட்டியல்ல. அப்படியிருந்தும் தாவர உணவுப் பக்கத்தில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். சராசரியாக 111-லிருந்து 96-க்கு இறங்கியது. மற்றப் பக்கத்தில் அது அதிகம் அசையவில்லை. வெறும் வயிற்று இன்சுலினும் தாவர உணவுக்காரர்களிடம் நன்றாகக் குறைந்தது. முடிவு வெளியானது 2023 நவம்பரில்.

கொழுப்பு எப்படி இறங்குகிறது? இதை விளக்க ஒரு வெண்டைக்காய் போதும். நறுக்கும்போது கத்தியில் நூல் நூலாக இழுபடும் அந்த வழவழப்பைப் பல வீடுகளில் தயிரோ புளியோ ஊற்றி, நன்றாக வதக்கி ஒழிக்கப் பார்க்கிறோம். அந்த வழவழப்புதான் தண்ணீரில் கரையும் நார்ச்சத்து. நம் கல்லீரல், எண்ணெயைச் செரிக்கப் பித்த நீர் சுரக்கிறது. பித்த அமிலங்களைச் செய்ய மூலப்பொருள் கொலஸ்ட்ரால். வேலை முடிந்த பித்த அமிலங்களில் பெரும்பகுதியைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சி, திரும்பவும் கல்லீரலுக்கே அனுப்பிவிடும். வழவழப்பான நார் குடலில் இருந்தால் அது பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடுகிறது. கல்லீரலுக்குத் திரும்பி வரவேண்டியது வரவில்லை. புதிதாகச் செய்ய அது ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுக்கிறது. ரத்தத்தில் எல்.டி.எல். குறைகிறது.

இது வெறும் கோட்பாடு அல்ல. உணவுகள் ரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகத்தை அளக்கும் கிளைசெமிக் குறியீட்டை 1981-இல் உருவாக்கிய டொரன்டோ பேராசிரியர் டேவிட் ஜென்கின்ஸ், 2003-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். கொழுப்பு அதிகம் உள்ள 46 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார். எல்லாருக்கும் நிறைகொழுப்பு குறைந்த சாப்பாடு. ஒரு குழுவுக்கு அதனுடன் கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டாட்டின் மாத்திரை. இன்னொரு குழுவுக்கு மாத்திரைக்குப் பதில் ஓட்ஸ், பார்லி, இசப்கோல், சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் சேர்த்த மார்கரின். கூடவே வெண்டைக்காயும் கத்தரிக்காயும். நான்கு வாரத்தில் மாத்திரைக் குழுவில் எல்.டி.எல். சுமார் 31 சதவீதம் குறைந்தது. உணவுக் குழுவில் சுமார் 29 சதவீதம். டொரன்டோவின் மருத்துவச் சோதனைத் தட்டில் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் இடம்பிடித்ததைப் படித்தபோது, நம் வார நாள் பொரியலுக்கு இவ்வளவு வேலை தெரியுமா என்று எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சியாக இருந்தது.

செரிக்காமல் பெருங்குடல் வரை போகும் நாருக்கு அங்கே வேறு வேலை. கோடானுகோடி பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய உணவே பியூட்டிரேட்தான். நார் வராத குடலில் அந்தச் செல்கள் அரைப்பட்டினி. இன்னொரு பக்கம், சிவப்பு இறைச்சியில் நிறைய இருக்கும் கார்னிட்டின் என்ற பொருளை வேறு சில பாக்டீரியாக்கள் உடைக்கின்றன. அதில் கிளம்பும் வாயுவைக் கல்லீரல் டி.எம்.ஏ.ஓ. என்ற பொருளாக மாற்றுகிறது. ரத்தத்தில் அது அதிகம் இருப்பவர்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பும் அதிகம் காணப்படுகிறது. கிளீவ்லண்ட் கிளினிக்கில் ஸ்டான்லி ஹேசன் குழுவினர் 2013-இல் காட்டிய விஷயம் சுவையானது. நீண்ட நாள் தாவர உணவே உண்ட ஒருவர் சோதனைக்காக மாட்டிறைச்சி சாப்பிட்டபோது, அவர் உடம்பில் அந்தப் பொருள் அதிகம் உண்டாகவில்லை. அதைச் செய்யும் பாக்டீரியாக் கூட்டம் அவர் குடலில் வளர்ந்திருக்கவில்லை. நாம் சாப்பிடுவதை வைத்துத்தான் நம் குடலில் யார் குடியிருப்பது என்பதும் முடிவாகிறது.

பதப்படுத்திய இறைச்சி பற்றிய தீர்ப்பு இதைவிட நேரடியானது. சாசேஜ், சலாமி, பேக்கன் வகையறாவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்பது அதன் கணிப்பு. நம் சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசர்களில் இவை இப்போது குழந்தைகள் தின்பண்டமாக நிறைந்திருப்பது எனக்குக் கவலை தருகிறது.

இனி நம் தட்டுக்கு வருவோம்.

ஹார்வர்டின் அம்பிகா சதீஜா குழுவினர் 2017-இல், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் செவிலியர்கள், மருத்துவத் துறையினர் ஆகியோரின் பல ஆண்டு உணவுப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். தாவர உணவை ஒரே மூட்டையாகக் கட்டாமல் இரண்டாகப் பிரித்தார்கள். முழுதானியம், பயறு, காய், கனி, கொட்டைகள் ஒரு பக்கம். தீட்டிய தானியம், உருளைக்கிழங்கு, இனிப்பு, சர்க்கரை பானம் மறு பக்கம். முதல் பக்கம் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் 25 சதவீதம் குறைவு. இரண்டாம் பக்கம் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு 32 சதவீதம் கூடுதல். இரண்டுமே சைவம்தான்.

நம்முடையது எந்தப் பக்கம்? ஒரு நடுத்தரக் குடும்பத்துச் சாம்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டால் தாராளமாகப் போட்டதாக நினைக்கிறோம். ஆளுக்கு 25 கிராம். துவரம்பருப்பில் புரதம் சுமார் 22 சதவீதம். ஆகவே ஆளுக்குக் கிடைப்பது ஐந்தரை கிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 50 கிராம். கெட்டிச் சாம்பாருக்கே கணக்கு இப்படி. தண்ணீராக வைத்தால், முருங்கைக்காய் துண்டுகளை எடுத்துக்கொண்டு மேலோட்டமாக ஊற்றிக்கொண்டால், இன்னும் குறைவு. ஆண்களும் பிள்ளைகளும் சாப்பிட்டு எழுந்த பிறகு உட்காரும் வீட்டுப் பெண்களுக்குக் கிடைப்பது சோறும் ரசமும் மிச்சமிருக்கும் ஒரு கரண்டிப் பொரியலும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தச்சோகை என்று வருவதற்கும் இந்தப் பந்தி வரிசைக்கும் தொடர்பில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்குப் பருப்பும் பயறும் 85 கிராம், தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம் என்று அளவு சொல்கிறது. நம் வீடுகளில் அரிசி இந்த அளவைத் தாண்டி ஓடுகிறது, பயறு பாதியில் நின்றுவிடுகிறது. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை. மூன்று வேளையும் உருமாறி வருவது ஒரே தீட்டிய அரிசி. உளுந்து கொஞ்சம் கூடவே வருவதுதான் ஆறுதல்.

21 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2020-இல் வெளியானது. நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிடச் சர்க்கரை நோய் ஆபத்து 20 சதவீதம் கூடுதல். தெற்காசியாவை மட்டும் தனியாகப் பார்த்தால் 61 சதவீதம் கூடுதல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் சொன்னது. அதே ஆய்வின் உணவுக் கணக்கில், நம் கலோரியில் 60 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. முதல் வரியில் வந்தவரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அவர் கறியை விட்டார், அந்த இடத்தை அரிசி எடுத்துக்கொண்டது.

அரிசி விரோதியல்ல. அளவும் துணையும்தான் பிரச்சினை. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறுகளில் அது நிறைய. பயறில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் புரதம் முழுமை பெறுகிறது. ஒரே வேளையிலேயே இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டாக வேண்டும் என்று ஒரு காலத்தில் வற்புறுத்தினார்கள். அவ்வளவு கட்டாயம் இல்லை, ஒரே நாளில் சேர்ந்தால் போதும் என்று பிறகு தெரிந்தது. நார்க் கணக்கிலும் பயறுதான் முந்துகிறது. 100 கிராம் தீட்டிய அரிசியில் நார் 3 கிராம்கூடத் தேறாது. கொண்டைக்கடலையில் 20 கிராமுக்கு மேல். மாலையில் காபியோடு வரும் மிக்சருக்குப் பதில் ஆளுக்கு 40 கிராம் கடலையை ஊறவைத்த சுண்டல் ஒரு கிண்ணம் வந்தால், அந்த வீட்டின் ஒரு நாள் புரதத்திலும் நாரிலும் பெரிய ஓட்டை அடைபடுகிறது. செலவும் மிக்சரைவிடக் கூடாது.

நம் சமையலறை சில விஷயங்களை ஆய்வகத்துக்கு முன்பே சரியாகச் செய்திருக்கிறது. தானியத்திலும் பயறிலும் பைட்டேட் என்ற பொருள் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்து, உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஊறவைத்தால், முளைகட்டினால், புளிக்கவைத்தால் அது குறையும். இரவில் அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி மூடியைத் தள்ளுகிறதே, அதற்குக் காரணமான லியூகோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் பெரும்பாலும் உளுந்தோடு வருபவை. அவை விடும் கரியமில வாயு மாவை எழுப்புகிறது, அவை சுரக்கும் அமிலம் மாவைப் புளிக்கவைக்கிறது. அந்தப் புளிப்பில்தான் பைட்டேட்டை உடைக்கும் நொதிகள் நன்றாக வேலை செய்கின்றன. கீரையில் எலுமிச்சை பிழிவதும், சாப்பாட்டோடு நெல்லிக்காய் வைப்பதும் இரும்பு சேர உதவும். கெடுப்பது சாப்பிட்ட கையோடு குடிக்கும் காபியும் டீயும். அவற்றில் உள்ள பாலிஃபீனால்கள் இரும்பைக் கட்டிப்போடுகின்றன. சாப்பாட்டிலிருந்து நன்றாகத் தள்ளிக் குடித்தால் அந்த நஷ்டம் குறையும்.

தட்டிலிருந்து வயலுக்குப் போனால் டென்மார்க்கின் கதையைச் சொல்லியாக வேண்டும். முதல் உலகப் போரில் 1917 வாக்கில் அந்த நாட்டுக்கு வெளியிலிருந்து தானியமும் தீவனமும் வருவது நின்றுபோனது. சுமார் 30 லட்சம் மக்கள், அவர்களைவிட அதிகமாகத் தின்னும் பன்றிகளும் மாடுகளும். யாருக்குப் போடுவது? மிக்கெல் ஹிண்ட்ஹெடே என்ற மருத்துவர் அரசின் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தை நடத்திவந்தார். புரதம் குறைவாக இருந்தாலும் மனிதன் நன்றாக வாழ முடியும் என்று வாதாடியவர். அவர் உதவியாளர் ஃபிரெடெரிக் மாட்சன் மாதக்கணக்கில் உருளைக்கிழங்கும் மார்கரினும் சாப்பிட்டு அதை உடம்பில் நிரூபித்துக்காட்டியிருந்தார். பன்றிகளில் பெரும்பகுதியை வெட்டிவிட்டு, அவை தின்னும் பார்லியையும் உருளைக்கிழங்கையும் மக்களுக்குக் கொடுங்கள் என்றார் ஹிண்ட்ஹெடே. அரசு கேட்டது. தவிடு நீக்காத ரொட்டி, பார்லிக் கஞ்சி, உருளைக்கிழங்கு, காய்கறி, பால், கொஞ்சம் வெண்ணெய். நகரத்து ஏழைகளுக்கு இறைச்சி கண்ணிலேயே படவில்லை. பக்கத்து ஜெர்மனியில் ஜனங்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தார்கள். டென்மார்க்கில் இறப்பு விகிதம் அதுவரை இல்லாத அளவு குறைந்தது. 1920-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஹிண்ட்ஹெடே இதை எழுதினார். சாராயத்துக்குப் போகும் தானியத்தையும் அப்போது கட்டுப்படுத்தினார்கள். குடி குறைந்ததற்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் விலங்கின் வயிற்றுக்குள் போய்ச் சுருங்கி வருவதைவிட, தானியம் நேரே மனிதனுக்கு வந்தால் பல மடங்கு பேர் சாப்பிடலாம் என்பதை ஒரு நாடே செய்து காட்டியது.

நூறு ஆண்டு கழித்து, 2018-இல், ஜோசப் பூரும் தாமஸ் நெமெசெக்கும் 119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளின் தரவைத் தொகுத்து அதே கணக்கை உலக அளவில் போட்டார்கள். உலகம் முழுக்கத் தாவர உணவுக்கு மாறினால் உணவுக்காகப் பயன்படும் நிலத்தில் 76 சதவீதம் தேவைப்படாது. 100 கிராம் புரதம் மாட்டிறைச்சியாக வந்தால் சராசரியாக 50 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பவாயு, பட்டாணியாக வந்தால் அரைக் கிலோகூட இல்லை. பயறுச் செடிகள் வேர்முடிச்சுகளில் ரைசோபியம் பாக்டீரியாவை வைத்துக் காற்றின் நைட்ரஜனைத் தாங்களே பிடித்துக்கொள்கின்றன, யூரியா மூட்டைக்குக் காத்திருப்பதில்லை. டெல்டாவில் சம்பா அறுவடை நேரத்தில் ஈரம் காயுமுன் உளுந்தும் பயறும் தெளிக்கும் விவசாயிக்கு இது பாடமாகச் சொல்லவேண்டியதில்லை. நெல்வயலும் மீத்தேன் விடுகிறது, மேய்ச்சல் காட்டு ஆடும் தொழிற்சாலைப் பண்ணை மாடும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துத்தான் நம் ஊர்க் கணக்கைப் போட வேண்டும். எந்தப் பக்கம் போட்டாலும் பயறுதான் முன்னால் வருகிறது.

சைவத்தின் ஒரு குறை மட்டும் எவ்வளவு கவனமாகச் சமைத்தாலும் தானாகத் தீராது. வைட்டமின் பி12. எந்தச் செடியும் அதைச் செய்வதில்லை, எந்த விலங்கும் செய்வதில்லை. செய்வது பாக்டீரியாக்கள் மட்டும். பசுவின் வயிற்று அறைகளில் அவை செய்வதால் பாலில் வருகிறது. நம் பெருங்குடலிலும் அவை செய்கின்றன. ஆனால் பி12-ஐ உறிஞ்சும் இடம் அதற்கு முன்பே, சிறுகுடலின் கடைசியில் முடிந்துவிடுகிறது. கீழே விளைந்தது மேலே பயன்படாது. அப்படியானால் பரம்பரையாகச் சைவம் உண்டவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை ஆய்வாளர்கள் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 1980-இல் நேச்சர் இதழில் ஒரு விடை தந்தார்கள். தென்னிந்தியர்களின் சிறுகுடலிலேயே பி12 செய்யும் பாக்டீரியாக்கள் சில இருக்கின்றன. அழகான கண்டுபிடிப்பு. ஆனால் அதை நம்பி இருந்துவிட முடியாது என்பதை ரத்தப் பரிசோதனைகள் தினமும் காட்டுகின்றன. இந்தியச் சைவக்காரர்களிடம் பி12 குறைபாடு மிகவும் பரவலானது.

அறிகுறிகள் மெதுவாக வரும். பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் மதமதப்பு, படியேறினால் மூச்சு வாங்குதல், மறதி, நாக்கு எரிச்சல். சர்க்கரைக்காரர்கள் இந்த மதமதப்பைச் சர்க்கரையின் மேலேயே போட்டுவிட்டு இருந்துவிடுகிறார்கள். ஆனால் சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையே பி12 உறிஞ்சுவதைக் குறைக்கும். நெஞ்செரிச்சலுக்கு மாதக்கணக்கில் போடும் அமில மாத்திரைகளும் அப்படியே. சைவம், மெட்ஃபார்மின், அமில மாத்திரை மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தால் அவர் ஆண்டுக்கு ஒருமுறை பி12 பார்த்தே ஆகவேண்டும். பாலையும் விட்டவர்களுக்கு மாத்திரை கட்டாயம், கர்ப்பிணிகள் விஷயத்தில் இதில் சமரசமே கூடாது. பழைய சோற்றிலும் ஸ்பைருலினாவிலும் பி12 கொட்டிக்கிடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பிக் காத்திருந்தால் நரம்புச் சேதம் திரும்பச் சரியாகாத நிலைக்குப் போய்விடலாம். எலும்பும் கவனிக்க வேண்டியது. ஆக்ஸ்ஃபர்ட் ஆய்வில் பாலும் விட்டவர்களுக்கு எலும்பு முறிவு 43 சதவீதம் கூடுதலாக இருந்தது. கேழ்வரகும் எள்ளும் கீரையும் வாரத்தில் பல நாள் வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், சத்துணவில் பிள்ளைகளுக்கு வைக்கும் முட்டையை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டில் பயறும் பாலும் போதாத பிள்ளைக்கு அந்த ஒரு முட்டை தரும் புரதமும் பி12-உம் பெரிது. சைவத்தின் பலன் தாராளமான தட்டுக்குத்தான். வெறும் தட்டுக்கு இல்லை.

புரட்டாசியில் கறியை நிறுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் உண்டு. ஜென்கின்ஸ் தன் சோதனையை நடத்திய நான்கு வாரமும் புரட்டாசியும் ஏறக்குறைய ஒரே நீளம். அந்த மாதத்தைக் காலிஃபிளவர் மஞ்சூரியன், அப்பளம், வெஜ் பிரியாணி என்று ஓட்டினால் லிப்பிட் பரிசோதனையில் ஒன்றும் மாறாது, கூடினாலும் ஆச்சரியமில்லை. சாம்பார்ப் பருப்பை ஒன்றரை மடங்காக்கி, தட்டில் பாதியைக் காயும் கீரையும் எடுத்துக்கொண்டு, ஒரு வேளை அரிசிக்குப் பதில் தினை அல்லது கேழ்வரகு, மாலையில் சுண்டல், ஒரு கைப்பிடி வேர்க்கடலை என்று ஓட்டிப் பாருங்கள். ஏற்கெனவே போடும் மாத்திரை எதையும் நிறுத்த வேண்டாம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடக்கூடும். மாதம் பிறக்கும்போது ஒருமுறை, முடியும்போது ஒருமுறை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, எல்.டி.எல். வரியில் உள்ள இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஐப்பசியில் என்ன சமைப்பது என்பதை முடிவு செய்துகொள்ளலாம்.